நெமிலிச்சேரிக்குக் கடல் தூரமில்லை

வண்டலூரிலிருந்து மீஞ்சூர் போகும் வெளிவட்டச் சாலை, திருவள்ளூர் நெடுஞ்சாலையைக் குறுக்கிடும் இடம் நெமிலிச்சேரி. அந்தச் சந்திப்பைச் சுற்றிப் பல ஆண்டுகளாக மனை விற்பனை ஓயவில்லை. பட்டாபிராமில் டைடல் பார்க் திறந்த பிறகு விலை இன்னும் ஏறியிருக்கிறது. மனை காட்ட அழைத்துப் போகிறவர்கள் தவறாமல் சொல்லும் பேச்சு ஒன்று உண்டு: “கடலுக்கும் நமக்கும் சம்பந்தமே இல்ல சார். மேட்டு நிலம். சுனாமியே வந்தாலும் இங்க ஒண்ணும் ஆகாது.” 2004-இல் கடலைப் பார்த்தவர்களும், 2015-இல் அடையாற்றைப் பார்த்தவர்களும் அந்தப் பேச்சில் ஒரு நிம்மதியைக் கண்டு முன்பணம் கொடுக்கிறார்கள்.

இமயத்தில் பனியாறுகள் உருகுகின்றன, கிரீன்லாந்தில் பனி குறைகிறது என்று செய்தி வரும்போதெல்லாம் இதே நிம்மதிதான் இன்னொரு வடிவத்தில் பேசுகிறது. திருவள்ளூர் மின்சார ரயிலிலும் கேட்கலாம், படித்தவர்கள் கூடும் கூட்டத்திலும் கேட்கலாம். “நம்ம ஆத்துல பனித்தண்ணியா ஓடுது? கடல் ஏறினா கரையோரத்துல இருக்கிறவங்களுக்குத்தான் கவலை. நமக்கு ஏரியைத் தூர்வாரினா போதும்.” இன்று மேற்குப் புறநகரில் செல்வாக்கோடு இருக்கும் கருத்து இது. அரசியல்வாதிகள் இதை மறுப்பதில்லை. மனை வணிகத்துக்கு இது முதலீடு. எனக்கு இந்தக் கருத்து தவறு என்று மட்டும் தோன்றவில்லை. இங்கே குடியேறும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இது கேடு விளைவிக்கும் என்று நினைக்கிறேன்.

இதில் உண்மை இல்லாமல் இல்லை. காவிரி, பாலாறு, கொசஸ்தலையாறு, ஆரணியாறு, கூவம், அடையாறு எதிலும் ஒரு சொட்டுப் பனிநீர் கிடையாது. எல்லாம் மழையாறுகள். பூண்டிக்கு வரும் கிருஷ்ணா நீர்கூட மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைதான். நெமிலிச்சேரி வாசலுக்குக் கடல் வந்து நிற்கப்போவதும் இல்லை. கடற்கரையிலிருந்து 25 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே, கடல்மட்டத்துக்கு மேல் போதிய உயரத்தில் இருக்கும் ஊர் இது. நம் பேரன் பேத்திகள் காலத்திலும் இங்கே அலை அடிக்காது. இவ்வளவும் சரி. இதிலிருந்து “அதனால் நமக்குக் கவலையில்லை” என்ற முடிவுக்குத் தாவுவதுதான் தவறு. ஒரு ஊர் கெடுவதற்கு அது மூழ்கித்தான் ஆகவேண்டும் என்பதில்லை.

முதலில் அந்தப் “பனித்தண்ணி” பேச்சையே எடுத்துக்கொள்வோம். நம் ஆற்றில் பனிநீர் இல்லை. நம் தட்டில் இருக்கிறது. பக்ரா அணைக்கு வரும் சட்லெஜ் நீரில் பாதிக்கும் மேல், மலைமேல் பெய்த பனியும் பனியாறுகளும் உருகி வருவது. அந்த அணை பாய்ச்சும் பஞ்சாபும் ஹரியாணாவும்தான் இந்திய உணவுக் கழகத்துக்கு நெல்லும் கோதுமையும் கொட்டிக்கொடுக்கின்றன. அந்தக் கழகத்தின் கிடங்கு ஆவடியிலேயே இருக்கிறது. மின்சாரமும் அப்படித்தான். 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர்–சோலாப்பூர் மின்தடம் இணைக்கப்பட்டபோது தென்னக மின்கட்டமைப்பு நாட்டின் பிற பகுதியோடு ஒன்றானது; அன்றிலிருந்து இமயத்து அணைகளின் மின்சாரமும் நம் கட்டமைப்பில்தான் சேர்கிறது. 2023 அக்டோபர் 3–4 இரவில் சிக்கிமின் தெற்கு லோனாக் பனியாற்று ஏரி உடைத்துக்கொண்டு வந்து, சுங்தாங்கில் 1,200 மெகாவாட் மின்திட்டத்தின் அணையையே அடித்துக்கொண்டு போனது. ஊர்களும் பாலங்களும் போயின; ராணுவ வீரர்களும் மாண்டார்கள். சீருடை தைக்கும் படைத்துறைத் தொழிற்சாலையும், டேங்க் செய்யும் தொழிற்சாலையும், சி.ஆர்.பி.எஃப். முகாமும் இருக்கிற ஆவடிப் பக்கத்து மக்களுக்கு இமயம் அந்நிய நாடில்லை. இங்கே எத்தனையோ வீடுகளில் மகனோ அண்ணனோ பனிமலைப் பணியில் இருந்துவிட்டு வந்தவர்கள்.

உடனே ஒரு பதில் வரும்: “2035-க்குள் இமயமலைப் பனியே காணாமல் போகும் என்று விஞ்ஞானிகள் எழுதி, பிறகு தவறு என்று ஒப்புக்கொண்டார்களே!” ஆம். ஐ.நா.வின் காலநிலைக் குழு 2007 அறிக்கையில் அப்படி ஒரு வரி இருந்தது; 2010 ஜனவரியில் அதைத் திரும்பப் பெற்றார்கள். அந்தப் பிழையைச் சுட்டிக்காட்டியவர்கள் யார்? பனியாறுகளையே வாழ்நாள் முழுதும் அளந்துகொண்டிருக்கும் ஆய்வாளர்கள். தவறான ஆண்டைத் தள்ளிவிட்டு அவர்கள் தொடர்ந்து அளந்தார்கள். காத்மாண்டுவில் உள்ள பன்னாட்டு மலைமேம்பாட்டு மையம் 2019-இல் சொன்னது: வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்தினாலும் இந்த நூற்றாண்டின் முடிவுக்குள் இந்துகுஷ் இமயப் பனியாறுகளில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அதே மையம் 2023-இல் இன்னொன்றும் சொன்னது: 2011 முதல் 2020 வரை பனி குறைந்த வேகம், அதற்கு முந்தைய பத்தாண்டைவிட 65 சதவீதம் அதிகம். ஒரு பழைய பிழையைக் கையில் வைத்துக்கொண்டு இத்தனை அளவீடுகளையும் ஒதுக்குவதை நான் நேர்மையான ஐயம் என்று ஏற்கமாட்டேன்.

அடுத்தது வாட்ஸ்அப்பில் சுற்றும் டம்ளர் சோதனை. ஐஸ் கட்டி மிதக்கும் டம்ளரில் கட்டி கரைந்தாலும் தண்ணீர் வழிவதில்லை. ஆகவே பனி உருகினால் கடல் ஏறாது என்கிறார்கள். மிதக்கும் பனிக்கு அது சரி. வடதுருவக் கடலில் மிதக்கும் பனி முழுதும் கரைந்தாலும் கடல்மட்டம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். கிரீன்லாந்துப் பனியும் அண்டார்டிகாப் பனியும் இமயத்துப் பனியாறுகளும் மிதப்பவையா? அவை நிலத்தின் மேல் கிடக்கின்றன. நிலத்தில் கிடந்தது கடலுக்குள் வந்தால் கடல் ஏறத்தான் செய்யும். கிரீன்லாந்தில் இருக்கும் பனி முழுதும் வந்தால் ஏறக்குறைய 7 மீட்டர். அண்டார்டிகா முழுதும் வந்தால் 58 மீட்டர். முழுதும் வர நூற்றாண்டுகளும் ஆயிரம் ஆண்டுகளும் ஆகும். ஆனால் நம்மைப் பாதிக்க மீட்டர் கணக்கு தேவையில்லை. 1901-லிருந்து 2018 வரை உலகக் கடல்மட்டம் 20 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது. நூற்றாண்டின் முதல் எழுபது ஆண்டுகளில் ஆண்டுக்கு 1.3 மில்லிமீட்டராக இருந்த வேகம், 2006–2018 காலத்தில் 3.7 மில்லிமீட்டராகிவிட்டது. 1971-க்குப் பிறகு ஏறியதில் பாதி, சூடேறிய கடல்நீர் விரிந்ததால் வந்தது. ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் நிலத்துப் பனி உருகி வந்தது. பனியை உருக்கும் அதே வெப்பம்தான் கடலையும் வீங்கச் செய்கிறது.

“கிரீன்லாந்து எங்கே, சென்னை எங்கே” என்பவர்களுக்குச் சொல்ல வேண்டிய ஒன்றை யாரும் சொல்வதில்லை. இந்த வாதத்தில் மற்ற எல்லாவற்றையும்விட இதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். பனி உருகும் இடத்திலிருந்து தூரமாக இருப்பது பாதுகாப்பு இல்லை. அது நமக்குப் பாதகம். மலைமலையாகக் குவிந்திருக்கும் பனிக்குத் தன் எடையாலேயே ஈர்ப்பு உண்டு. சுற்றியுள்ள கடல்நீரை அது தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி உருகிக் குறையும்போது அந்த இழுவையும் குறைகிறது; இழுத்து வைத்த நீர் விலகிப் போகிறது. அதனால் கிரீன்லாந்தைச் சுற்றியுள்ள கடலில் மட்டம் இறங்குகிறது, அந்த நீரும் சேர்ந்து தொலைவில் உள்ள கடல்களில் ஏறுகிறது. கிரீன்லாந்துப் பனிக்கும் அண்டார்டிகாப் பனிக்கும் மிகத் தொலைவில், வெப்பமண்டலத்தில் இருக்கிறது வங்காள விரிகுடா. ஆகவே அந்தப் பனிகள் கரையும்போது உலகச் சராசரியைவிடக் கூடுதலான பங்கு நம் கடலுக்கு வருகிறது. பனியைக் கண்ணால் பார்த்தே இராத ஊர்கள்தான் அதன் கணக்கை அதிகமாகக் கட்டுகின்றன.

கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் இதற்கும் ஒரு எண்ணை நீட்டுவார்கள். சென்னைத் துறைமுகத்து அலையளவைக் கருவியின் பதிவுப்படி, இங்கே கடல் ஏறியது ஆண்டுக்கு 0.33 மில்லிமீட்டர்தான் என்று அரசே நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. நூறு ஆண்டுக்கு மூன்று சென்டிமீட்டர்; இதற்கா இவ்வளவு கூச்சல் என்பது அவர்கள் கேள்வி. அந்த எண் பொய்யில்லை. அது எதைச் சொல்கிறது என்று பார்க்க வேண்டும். அது 2005-ஓடு நின்றுபோகும் கணக்கு. மெதுவாக ஏறிய நீண்ட காலத்தையும் வேகமாக ஏறிய குறுகிய காலத்தையும் ஒன்றாகப் போட்டு வகுத்த சராசரி. கருவியோ கரையில் நிற்கிறது. கடலை மட்டும் தனியே அளக்காமல், கரைக்கும் கடலுக்கும் உள்ள வித்தியாசத்தை அளக்கிறது. 1993 முதல் செயற்கைக்கோள்கள் கடலின் மேற்பரப்பையே அளக்கின்றன. மத்தியப் புவி அறிவியல் அமைச்சகம் 2020-இல் வெளியிட்ட மதிப்பீட்டில் இரண்டு கணக்கும் இருக்கின்றன. வட இந்தியப் பெருங்கடல் 1874 முதல் 2004 வரை ஆண்டுக்கு 1.06-லிருந்து 1.75 மில்லிமீட்டர் ஏறியது. 1993 முதல் 2017 வரை 3.3 மில்லிமீட்டர். அதாவது ஏறக்குறைய இரண்டு முதல் மூன்று மடங்கு வேகம். 0.33-ஐ எடுத்துக்காட்டுபவர்கள் 3.3-ஐயும் சேர்த்துச் சொல்லட்டும். இரண்டும் அரசின் எண்களே.

தமிழர்களுக்கு மட்டுமே உரிய இன்னொரு சமாதானம் இருக்கிறது. கடல்கோள் நமக்குப் புதிதா, பூம்புகாரையே கடல் கொள்ளவில்லையா, எல்லாம் இயற்கையின் சுழற்சி என்பார்கள். பழங்கதைகளை நான் பழிக்கமாட்டேன். கடல் நிலையானதல்ல என்ற நினைவை அவை காத்து வைத்திருக்கின்றன. கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டருக்கு மேல் தாழ்ந்திருந்தது என்பதும் உண்மை. பனி உருகி அது ஏறியது. ஆனால் ஆறேழாயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்த ஏற்றம் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. உழவும் ஊரும் துறைமுகமும் ஏரியும் பிறந்தது எல்லாம் அந்த நிலைத்த கடலை நம்பித்தான். எவ்வளவு உயரத்தில் கலங்கல் வைத்தால் மிகைநீர் எங்கே போய்ச் சேரும் என்று கணக்குப் போட்டவர்களுக்குக் கடல் நகரவில்லை. கடந்த 3,000 ஆண்டுகளில் எந்த நூற்றாண்டிலும் இல்லாத வேகத்தில் 1900-க்குப் பிறகு கடல் ஏறிவருகிறது. அதற்கான காரணமும் பனிக்குள்ளேயே எழுதியிருக்கிறது. அண்டார்டிகாவில் துளையிட்டு எடுத்த பனித்தண்டுகளில் சிக்கியிருக்கும் பழைய காற்றில் 8,00,000 ஆண்டுகளாகக் கரியமில வாயு பத்து லட்சத்தில் 300 பங்கைத் தாண்டியதில்லை. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. இதற்குச் சுழற்சி என்று பெயர் வைக்க முடியாது.

சரி, கடல் ஏறட்டும். நெமிலிச்சேரிக்கு அதனால் என்ன? இங்கேதான் நம் ஊரின் தண்ணீர் எந்த வழியாக வெளியே போகிறது என்று பார்க்க வேண்டும். திருநின்றவூர், நெமிலிச்சேரி, பட்டாபிராம், ஆவடி, பருத்திப்பட்டு என்று இந்தப் பக்கம் முழுதும் ஏரிகளின் நாடு. ஒன்று நிரம்பிக் கலங்கல் வழிந்தால் போக்குக் கால்வாய் வழியே அடுத்ததற்கு. கடைசியில் பெரும்பகுதி கூவத்துக்கு. கூவம் கேசாவரம் அணைக்கட்டில் கொசஸ்தலையாற்றிலிருந்து பிரிந்து, நமக்குத் தெற்கே புதுச்சத்திரம் பக்கமாக ஓடி, திருவேற்காடு, மதுரவாயல், அரும்பாக்கம் வழியாக நேப்பியர் பாலத்தடியில் கடலில் சேர்கிறது. ஜமீன் கொரட்டூர் அணைக்கட்டிலிருந்து புதிய பங்காரு கால்வாய் ஒரு பகுதி நீரைச் செம்பரம்பாக்கத்துக்குத் திருப்புகிறது. அங்கே மிஞ்சுவது அடையாறு வழியாகக் கடலுக்கு. எந்த வழியில் போனாலும் கதவு ஒன்றுதான். அது கடல்.

அந்தக் கதவு ஏற்கெனவே ஒட்டிக்கொண்டு திறக்கும் கதவு. சென்னைத் துறைமுகம் கட்டியதிலிருந்து மணல் ஓட்டம் தடைபட்டு மெரினா பக்கம் குவிகிறது. கூவத்தின் முகத்துவாரம் மணல் மேடிட்டு அடைகிறது. ஆண்டுதோறும் பொக்லைன் கொண்டு தோண்டுகிறார்கள். இங்கே கடலின் ஏற்றவற்றத்தில் ஒரு மீட்டர் அளவுக்கு வித்தியாசம் உண்டு. கடைசிக் கிலோமீட்டர்களில் கூவத்தின் சரிவோ மிகக் குறைவு. அதனால் கடல் வற்றும் சில மணி நேரத்தில்தான் ஆறு நன்றாக வடியும். புயல் நேரத்தில் காற்றழுத்தம் குறைவதாலும் காற்று தள்ளுவதாலும் கடல் மேலும் உயர்ந்து நிற்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது “கடல் தண்ணியை வாங்கலை” என்று எல்லார் வாயிலும் கேட்டோம். கடல் நிரந்தரமாக 20 சென்டிமீட்டர் உயர்ந்தால், வடிவதற்குக் கிடைக்கும் அந்தச் சில மணி நேரமும் ஒவ்வொரு நாளும் சுருங்கும். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்த மட்டத்தைவிட ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் 2050 வாக்கில் உயர்ந்துவிடும் என்பதே ஐ.நா. குழுவின் கணிப்பு, உமிழ்வைக் குறைத்தாலும் அதுவரைக்குமான ஏற்றத்தில் பெரிய மாற்றம் இருக்காது. இன்று நெமிலிச்சேரியில் 25 ஆண்டு வீட்டுக்கடன் வாங்குகிறவர் கடைசித் தவணை கட்டுவது அந்தக் கடல்மட்டத்தில்தான்.

கடலின் எதிர்ப்பு நீர் ஆற்றோடு மேலேறி நெமிலிச்சேரி வரை வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அது நகரத்துக்குள்ளேயே நின்றுவிடும். ஆனால் கீழே ஆறு ததும்பி நிற்கும்போது மேலே அணைக்கட்டிலும் ஏரி மதகிலும் நிற்கும் பொறியாளர் என்ன செய்வார்? திறந்தால் நகரத்துக்கு ஆபத்து. மூடினால் ஏரிக்கரைக் குடியிருப்புகளுக்கு. இந்த இக்கட்டு வரும்போது யார் பக்கம் தண்ணீர் நிற்கும் என்பதை மேற்குப் புறநகர்க்காரர்கள் அனுபவத்தில் அறிவார்கள். 2021 நவம்பரில் ஈசா ஏரி நிரம்பித் திருநின்றவூர்ப் பெரியார் நகர்ப் பக்கம் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. அந்த ஏரியின் நீருக்கு அன்று கடல் தடையாக இருக்கவில்லை. அடைபட்ட கால்வாய்களும் உள்வாய் வரை வந்த வீடுகளும்தான் தடை. கீழேயும் வழி குறுகும் காலத்தில் அது எத்தனை நாளாகும் என்று கணக்குப் போடுவது நம் வேலை.

இன்னொன்றும் இருக்கிறது. பேசின் பாலம் சந்திப்புக்கும் வியாசர்பாடிக்கும் நடுவே 14-ஆம் எண் ரயில் பாலம். மழைக்காலத்தில் அதன் கீழே தண்ணீர் அபாய அளவைத் தொட்டால் சென்ட்ரல் பக்கம் ரயில் போகாது. 2023 டிசம்பரிலும் 2024 அக்டோபரிலும் ரயில்கள் இதனாலேயே நின்றன. அரக்கோணம், திருவள்ளூரிலிருந்து வரும் வண்டிகள் ஆவடியோடு திரும்பும். நெமிலிச்சேரியில் தரை காய்ந்திருந்தாலும் அன்று வேலைக்குப் போக முடியாது, பொது மருத்துவமனைக்குப் போக முடியாது, பரீட்சைக்குப் போக முடியாது. தாழ்ந்த வடசென்னையில், கடலை நம்பி வடியும் நிலத்தின் நடுவில் நிற்கிறது அந்தப் பாலம். நம் ஊர் மேட்டில் இருக்கிறது. நம் பிழைப்பு அந்தப் பாலத்தின் கீழே ஓடும் நீரின் மட்டத்தில் இருக்கிறது.

வெள்ளத்தைப் போலவே வறட்சியும். 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் வற்றிப்போனபோது ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்குத் தண்ணீர் ரயில் விட்டார்கள். ஜூலை 12-இல் வந்த முதல் வண்டியில் 50 டேங்கர்கள், 25 லட்சம் லிட்டர். அது நெமிலிச்சேரி நிலையத்தின் வழியாகத்தான் போனது. குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த ஊரைத் தாண்டி நகரத்துக்குப் போன தண்ணீர் அது. நிலத்தடியிலும் இதே கதை. மீஞ்சூர்ப் பக்கம் அளவுக்கு மீறி இறைத்ததால் 1960-களின் கடைசியிலேயே கடல்நீர் நிலத்தடிக்குள் புகத் தொடங்கி, பிறகு பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே வந்துவிட்டது. இதற்குக் காரணம் பம்புசெட்தான், கடல்மட்டம் இல்லை. ஆனால் கடல் உயர உயர, அந்த உப்பு பின்வாங்குவது கடினமாகும், முன்னேறுவது எளிதாகும். கரையோரக் கிணறுகள் கெடும்போதெல்லாம் நகரம் மேற்கே திரும்பித் திருவள்ளூர் மாவட்ட விவசாயக் கிணறுகளை வாடகைக்கு எடுத்திருக்கிறது. அடுத்த முறையும் அதைத்தான் செய்யும். கடலை விட்டு நகரும் மனிதர்களும் மேற்கே வருவார்கள். நெமிலிச்சேரியின் மனை விலை ஏறுவதை வளர்ச்சி என்று கொண்டாடுகிறோம். அதில் ஒரு பகுதி, வேறு இடத்தில் நிலம் பாதுகாப்பை இழப்பதன் விலை.

“நமக்குக் கவலையில்லை” என்ற மெத்தனத்துக்கு எதிர்த்திசையிலும் ஒரு பொய் வளர்ந்திருக்கிறது. அதையும் விடக்கூடாது. வெள்ளம் வந்ததும் “வரலாறு காணாத மழை, காலநிலை மாற்றம், யாரால் தடுக்க முடியும்” என்று அதிகாரத்தில் இருப்பவர்கள் கையை விரிக்கிறார்கள். 2015 டிசம்பர் மழையை ஆராய்ந்த பன்னாட்டு ஆய்வாளர்கள், அந்த மழையில் புவி வெப்பமாதலின் தடத்தைத் தெளிவாகக் காட்ட முடியவில்லை என்றே எழுதினார்கள். 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட மத்தியக் கணக்குத் தணிக்கை அறிக்கை, அந்த வெள்ளம் மனிதர் உண்டாக்கிய பேரழிவு என்றது. இரண்டு பொய்களும் ஒன்றுக்கொன்று துணை. ஒன்று, நிலம் விற்கும்வரை எதுவும் வராது என்கிறது. மற்றொன்று, வந்த பிறகு யாரும் பொறுப்பில்லை என்கிறது. நடுவில் ஏரியின் உள்வாய் மனையாகிவிடுகிறது. கடல் ஏறுவதால் ஏரி முக்கியமில்லாமல் போகாது. கீழே வழி அடைபடும் காலத்தில் மேலே தண்ணீரை நிறுத்திவைக்க ஏரியைத் தவிர நமக்கு வேறு இடம் கிடையாது. தூர்வாரினால் போதும் என்பவர்களிடம் நான் மாறுபடுவது இங்கேதான். எவ்வளவு ஆழம், எவ்வளவு கொள்ளளவு, எவ்வளவு அகலமான போக்குக் கால்வாய் என்ற கேள்விகளுக்கு, ஏறிக்கொண்டிருக்கும் கடலைக் கணக்கில் எடுக்காமல் விடை சொல்ல முடியாது.

“உலகைக் கெடுத்தது அமெரிக்காவும் ஐரோப்பாவும், நாம் என்ன செய்ய முடியும்” என்ற குரலுக்கும் ஒரு வார்த்தை. அதில் நியாயம் உண்டு. இந்தியர் ஒருவர் வெளியிடும் கரியமில வாயு உலகச் சராசரியில் பாதிக்கும் குறைவு. பன்னாட்டு மேடையில் இதை உரக்கச் சொல்ல வேண்டும். ஆனால் எண்ணூரைப் பாருங்கள். பனியை உருக்கும் அதே நிலக்கரியின் சாம்பல், அனல்மின் நிலையக் குழாய்களிலிருந்து கசிந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்து, கொசஸ்தலையாறு கடலில் சேரும் வாயைத் தூர்த்தது. அந்தச் சாம்பலை அமெரிக்கா கொட்டவில்லை. பூண்டி திறந்தால் தண்ணீர் போகவேண்டிய வழி அது. நம் கையில் இருப்பதைச் செய்துவிட்டு அடுத்தவரைக் கேட்போம்.

சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2026-ஓடு முடிகிறது. அடுத்த திட்டம் 2046 வரைக்குமானது. நெமிலிச்சேரியில் எது வயல், எது ஏரி, எது அடுக்குமாடி என்பதை அந்தத் திட்டம்தான் முடிவு செய்யும். 2015-க்குப் பிறகு சென்னைக்கு உருவாக்கப்பட்ட வெள்ள எச்சரிக்கை அமைப்பு மழையோடும் ஏரி நீரோடும் கடலின் ஏற்றவற்றத்தையும் சேர்த்தே கணக்குப் போடுகிறது. அந்த அறிவு பள்ளிக்கரணையிலும் தரமணியிலும் இருக்கும் அரசு நிறுவனங்களில் இருக்கிறது. அதை மழைக்கால எச்சரிக்கைக்கு மட்டும் பயன்படுத்திவிட்டு, மனைப்பிரிவு அனுமதிக்குக் கேட்காமல் இருப்பதை ஏற்க முடியாது. ஆவடி, பூந்தமல்லி, திருநின்றவூர்ப் பகுதிகளில் உள்ள ஒவ்வொரு ஏரியின் எல்லையும் உள்வாயோடு சேர்த்து அளந்து கல் நட வேண்டும். கலங்கலிலிருந்து கூவம் வரை ஒவ்வொரு போக்குக் கால்வாயும் வரைபடத்தில் ஏற வேண்டும். வெளிவட்டச் சாலையின் மேட்டுக்கு அடியில் உள்ள ஒவ்வொரு சிறுபாலத்தின் அகலமும் அதன்படி சரிபார்க்கப்பட வேண்டும். கடைசியாக, கூவமும் அடையாறும் கடலில் சேரும் இடத்தில் 2046-இல் இருக்கப்போகும் கடல்மட்டத்தை வைத்து அந்தக் கணக்கு போடப்பட வேண்டும். அது முடியும்வரை ஏரிப் பாசனத்தில் இருந்த நிலத்தில் புதிய மனைப்பிரிவு எதற்கும் அனுமதி தரக்கூடாது.